கோரல் மில் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

மே 1 அன்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அதற்கும் தொழிலாளர் தினத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மே தினம் அதற்குள் வந்து விழுகிறது. அதே நாளில் ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும் என்பதால் அளத்து வேலைக்கு மே மாதம் பொன்னான காலம். ஆட்சியர் அலுவலகமும் வங்கிகளும் பூட்டியிருக்கும். மத்திய அரசு அலுவலகங்களுக்கான கட்டாய விடுமுறைப் பட்டியலிலோ மே 1 இல்லை. தொழிற்சங்க அலுவலக வாசல்களில் செங்கொடி ஏறும். கத்தோலிக்கக் கோயில்களில் தொழிலாளரான புனித சூசையப்பருக்குத் திருப்பலி நடக்கும்.

ஊரும் ஒன்று, தேதியும் ஒன்று. ஒருவருக்கு அது சம்பளத்தோடு வீட்டில் இருக்கும் நாள். இன்னொருவருக்குச் சட்டம் போட்ட வருமானமில்லாத நாள். மூன்றாமவருக்கு விடியும் முன்பே பாத்தியில் இறங்கவேண்டிய நாள்.

உலக அளவில் பார்த்தால் தேதியே ஒன்றாக இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் முதல் திங்கள். நியூசிலாந்தில் அக்டோபர் நான்காம் திங்கள். ஜப்பானில் நவம்பர் 23. டிரினிடாடில் ஜூன் 19. ஜமைக்காவில் மே 23. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு ஒரு தேதி. இதற்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், அரசாங்கங்கள் செங்கொடியைக் கண்டு மிரண்டு தேதியை மாற்றிவிட்டன என்பது. அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது: விடுமுறையைக் கேட்டது யார், கொடுத்தது யார், அன்றைக்கு யார் கை ஓங்கியிருந்தது என்பதுதான் நாட்காட்டியில் தேதியாக அச்சாகிறது. இதைப் புரிந்துகொள்ள சிகாகோவரை போகவேண்டாம். தூத்துக்குடியைச் சேர்ந்த முத்துக்குளித்துறையின் கதையே போதும்.

1803-ல் ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் மன்னார் வளைகுடாவின் அக்கரையில், கொண்டைச்சி விரிகுடாவில் நடந்த முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, விவரிக்கிறார். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் சலாபத்தில் உண்மையில் மூழ்கும் நாட்கள் ஏறக்குறைய முப்பதுதான் தேறும் என்கிறார். காற்று ஒரு காரணம். மற்றொன்று, குளிப்பவர்கள் வெவ்வேறு சமயத்தவர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடுமுறை. தூத்துக்குடிக் கரையிலிருந்து போன கத்தோலிக்கர்கள் ஞாயிறன்று வேலையை நிறுத்திவிட்டு அரிப்பு என்ற ஊரின் கோயிலுக்குப் பூசை காணப் போய்விடுவார்களாம். (அவர்களைப் பெர்சிவல் மறவர் என்று எழுதியிருக்கிறார், பரவரைத்தான் குழப்பிக்கொண்டார் என்று தெரிகிறது.) புயலிலும் பண்டிகைகளிலும் நாட்கள் கழிந்துபோனால் சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கை நடுங்கும். ஞாயிறும் குளிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் அரசின் தலைமைச் சிவில் அதிகாரியின் ஆணை இல்லாமல் அவரால் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இது சாதாரணச் செய்தி அல்ல. தொழிலாளர் சட்டம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வர இன்னும் சுமார் 80 ஆண்டுகள் இருந்தன. அப்போதே ஒரு குளியாளியின் வார விடுமுறைக்கு அவ்வளவு பாதுகாப்பு. அதைக் கொடுத்தது பக்தி மட்டுமல்ல. முத்துப்பாரில் இறங்கி மூச்சடக்கிச் சிப்பி அள்ள வேறு ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. இரண்டு மாதத்துக்குள் குத்தகைக் காலம் முடிந்துவிடும். அவர்கள் சேர்ந்து கரையேறிவிட்டால் குத்தகைக்காரரின் முதல் கடலோடு போயிற்று. தூத்துக்குடிப் பகுதியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத வழக்கம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

இனி அதே ஊரின் இன்னொரு ஞாயிறு. 1880-களின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தூத்துக்குடியில் வந்தது. மதுரையிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் அவர்களுக்கு ஆலைகள் உண்டு. பஞ்சாலையில் கூலிக்கு ஆள் கிடைப்பது முத்துப்பாரைப் போல அரிதல்ல. ஒருவர் போனால் வாசலில் இன்னொருவர் நிற்பார். பம்பாயில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோக்கண்டே ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கேட்டு 1890 ஜூன் 10-ல் அந்நகர ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1891-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வாராந்திர விடுமுறை ஏறிவிட்டது. அப்படியிருந்தும் 17 ஆண்டு கழித்து கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டவற்றில் ஒன்று ஞாயிறு விடுமுறை! சட்டப் புத்தகத்திலிருந்து ஆலை வாசலுக்கு வர ஒரு விடுமுறைக்கு எத்தனை காலம் பிடிக்கிறது பாருங்கள்.

1908 பிப்ரவரி 27 அன்று அந்த வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்பு வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்களிடையே பேசியிருந்தார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுமுறை நாட்கள் ஆகியவை கோரிக்கைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆலையைவிட்டு வெளியே வந்தார்கள். வேலையில்லாதவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்ய வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார். சிலருக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்தார். ஊரும் சேர்ந்துகொண்டது. நிர்வாகத்தின் பக்கம் பேசிய வழக்கறிஞர் ஒருவரை அரைச் சவரத்தோடு விட்டு நாவிதர் எழுந்துபோன கதையைத் தூத்துக்குடி நூறாண்டாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தமது ‘வந்தே மாதரம்’ ஏட்டில் தூத்துக்குடித் தொழிலாளர்களைப் பாராட்டி எழுதும் அளவுக்கு அது பெரிய வெற்றி. ஆங்கிலேய அரசுக்கும் அது புரிந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்களோடு வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஒரு தலைவர் சிறைப்பட்டதற்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த வரலாற்றில், அதே ஆண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் ஆறு நாள் நின்றதைத்தான் பலரும் சொல்வார்கள். தூத்துக்குடி நான்கு மாதம் முந்தியது.

இவ்வளவு நடந்த பிப்ரவரி 27 எந்த அரசு நாட்காட்டியிலும் சிவப்பு எழுத்தில் இல்லை. ஊர்க்காரர்களிலேயே பலர் அந்தத் தேதியைக் கேட்டால் விழிப்பார்கள்.

வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்தது 1872 செப்டம்பர் 5. அவருக்குச் சரியாகப் பத்து வயது நிறைந்த அன்று, 1882 செப்டம்பர் 5-ல், நியூயார்க் தெருக்களில் தொழிற்சங்கத்தார் ஆயிரக்கணக்கில் அணிவகுத்துப் போனார்கள். அமெரிக்கத் தொழிலாளர் தினத்தின் பிறப்பு அதுதான். அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. வந்தவர்கள் ஒருநாள் கூலியை இழந்துதான் வந்தார்கள். அதை முதலில் யோசித்தவர் தச்சர் சங்கத்து பீட்டர் மெக்குவயரா, இயந்திரத் தொழிலாளி மாத்யூ மகுவயரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பெயர் ஒற்றுமை வேறு கூடிக் குழப்புகிறது.

இந்தத் தேதியைப் பற்றிப் பரவலாக ஒரு கதை உண்டு. 1894-ல் புல்மன் ரயில் பெட்டி ஆலை வேலைநிறுத்தத்தை ராணுவத்தை அனுப்பி ஒடுக்கிய ஜனாதிபதி கிளீவ்லாண்ட், சிந்திய ரத்தத்துக்கு ஈடாகச் செப்டம்பர் விடுமுறையைத் தூக்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். நாள்வரிசை அதை ஏற்கவில்லை. அவர் சட்டத்தில் கையெழுத்திட்டது ஜூன் 28. சிகாகோவில் ராணுவம் இறங்கியது ஜூலையில். தவிர, 1887-ல் ஆரிகன் தொடங்கி வைத்ததைப் பின்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்குள் அந்த நாளை ஏற்றிருந்தன. மத்திய அரசு கடைசியாக வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனாலும் கிளீவ்லாண்டுக்கு அந்தத் தேதி வசதியாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஏனென்றால் அப்போது போட்டியில் இன்னொரு தேதி இருந்தது.

அந்த இன்னொரு தேதியும் அமெரிக்காவில் பிறந்ததே. 1886 மே 1 முதல் எட்டு மணி நேரம்தான் வேலை நாள் என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1884-லேயே தீர்மானித்திருந்தது. அந்த மே 1-ல் லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். மே 4-ல் சிகாகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அந்த வழக்கில் 1887 நவம்பரில் நான்கு பேர் தூக்கிலேறினர். எட்டு மணி நேரக் கோரிக்கைக்காக 1890 மே 1-ல் மறுபடியும் கிளர்ச்சி என்று அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் 1888-ல் நாள் குறித்தன. 1889 ஜூலையில் பாரிசில் கூடிய சோசலிஸ்டு மாநாடு, அமெரிக்கர்கள் குறித்த நாளையே உலகத்துக்கும் வைத்துக்கொள்வோம் என்றது. அமெரிக்காவிடமிருந்து வாங்கிய தேதியில் உலகம் ஊர்வலம் போகிறது. அமெரிக்கா மட்டும் செப்டம்பரில் கடைத்தெருத் தள்ளுபடி விற்பனைக்குப் போகிறது.

ஆஸ்திரேலியர்களுக்கு இதில் சற்றுக் கர்வம் உண்டு. மெல்போர்ன் கல்தச்சர்கள் 1856 ஏப்ரல் 21-ல் ஊர்வலம் போய் எட்டு மணி நேர வேலையை வாங்கிவிட்டார்கள். சிகாகோவுக்கு முப்பது ஆண்டு முன்பு. ஒவ்வொரு காலனியிலும் தச்சரும் கொத்தரும் அதை வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு மாதத்தில் வென்றதால் விடுமுறையும் சிதறிவிட்டது. இன்று விக்டோரியாவில் மார்ச், நியூ சவுத் வேல்சில் அக்டோபர், குயின்ஸ்லாந்தில் மே. குயின்ஸ்லாந்தில் நடந்தது தனிக் கூத்து. 2013-ல் வலதுசாரி அரசு அதை மேயிலிருந்து அக்டோபருக்குத் தள்ளியது. லேபர் கட்சி ஆட்சிக்கு வந்து 2016-ல் மறுபடி மேக்கே இழுத்து வந்தது. விடுமுறை நாட்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. சண்டை முழுக்க நினைவைப் பற்றியது.

தூத்துக்குடிக்கு அக்கரையில் இருக்கும் கொழும்பில் இந்தக் கயிறிழுப்பு வேறு வடிவத்தில் நடந்தது. இலங்கையில் 1956-ல் பண்டாரநாயக்க ஆட்சி மே 1-ஐப் பொது விடுமுறையாக்கியது. 2018-ல் பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாளான வெசாக் போயா ஏப்ரல் இறுதியில் வந்தது. வெசாக் வாரத்தில் அரசியல் ஊர்வலம் கூடாது என்று அரசு மே தின விடுமுறையை மே 7-க்கு மாற்றியது. மே 1 வழக்கமான வேலை நாள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. உலகமே கொண்டாடும் நாளை ஒரு வர்த்தமானி அறிவிப்பால் ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டன. முடிந்ததே! அந்த நாட்டுக்கு இதில் முன்னனுபவம் கூட உண்டு. 1966-ல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு வார விடுமுறையையே எடுத்துவிட்டு, பிறைக்கணக்குப்படி வரும் போயா நாட்களை விடுமுறையாக்கியது. தோணிகள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன காலம் அது. எந்தக் கிழமை கடை அடைப்பு என்று அறிய அக்கரையில் வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. உலக வணிகத்தோடு ஒத்துவராமல் 1971-ல் ஞாயிறுக்கே திரும்பினார்கள்.

தேதியைத் தள்ளிவைப்பது ஒரு வழி. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுவது இன்னொன்று. அது கெட்டிக்காரத்தனம் கூடியது. ஜெர்மனியில் பல ஆண்டு கேட்டும் நிலைக்காத சம்பளத்துடன் கூடிய மே தின விடுமுறையை 1933-ல் கொடுத்தவர் ஹிட்லர். மே 1-ல் பெர்லினில் பிரம்மாண்ட விழா. மே 2 காலை நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் நாஜிப் படையினர் புகுந்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சங்கச் சொத்துகள் பறிபோயின. விடுமுறை மட்டும் நிலைத்தது.

இதோடு ஒப்பிடத் தகாத, மிகவும் மென்மையான ஒரு மாற்றம் முத்துக்குளித்துறைக் கோயில்களில் ஆண்டுதோறும் காணக் கிடைக்கிறது. 1955-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். கம்யூனிஸ்டுகளின் நாளில் ஒரு தச்சரை உட்கார வைத்தாயிற்று. வியப்பு என்னவென்றால் அதே 1955-ல், ஜூலை 23 அன்று, போபாலில் தத்தோபந்த் தெங்கடி பாரதீய மஸ்தூர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் மே 1-ஐ இரவல் தேதி என்று ஒதுக்கி, செப்டம்பர் 17-ல் வரும் விஸ்வகர்மா ஜெயந்தியைத் தேசியத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறது. ரோம் தேதியை வைத்துக்கொண்டு சாமியை மாற்றியது. போபால் சாமியோடு தேதியையும் மாற்றியது.

செப்டம்பர் 17 தமிழ்நாட்டில் வேர்விடாததற்குக் காரணங்கள் உண்டு. இங்கே அது பெரியார் பிறந்த நாள். 2021 முதல் அரசு அதைச் சமூக நீதி நாளாகக் கடைப்பிடிக்கிறது. அதோடு, கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கத் தமிழர்களுக்கு ஆயுத பூஜை தனியாக இருக்கிறது. அன்று தூத்துக்குடி துறைமுகச் சாலையில் வாழைக்கன்று கட்டாத லாரியைப் பார்ப்பது கடினம். ஆனால் வடக்கே தேதிப் போட்டி விளையாட்டல்ல. 2018 நவம்பரில் திரிபுரா அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து மே தினத்தை எடுத்து, விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் விடுப்பாக மாற்றியபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இந்தியா முழுமைக்கும் பொதுவான தேசிய விடுமுறைகள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்றே. மே 1 அந்தந்த மாநிலத்தின் விருப்பத்தில் தொங்குகிறது.

தமிழ்நாட்டில் அது சற்று உறுதியாகவே ஊன்றியிருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். மே 1-ஐ விடுமுறையாக அறிவிக்கவேண்டும் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். அது ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக 1969 வரை, கலைஞர் கருணாநிதி முதலமைச்சராகும் வரை, காத்திருக்க நேர்ந்தது. நாற்பத்தாறு ஆண்டு.

கூட்டத்தின் நூற்றாண்டு 2023-ல் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க அதில் வழி இருந்தது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்பட்டது என்று அறிவித்தார். மே தினம் பத்து நாள் தள்ளி இருந்திருந்தால் அந்த மசோதா என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஒரு முதலமைச்சர் மே தின மேடையில் ஏறிப் பன்னிரண்டு மணி நேர வேலையை நியாயப்படுத்த முடியாது. தேதிக்கு இருக்கும் உண்மையான பயன் இதுதான். அது ஊர்வலம் போகிறவர்களைவிட ஆட்சியில் இருப்பவர்களைத்தான் அதிகம் கட்டிப்போடுகிறது.

அப்படியானால் தூத்துக்குடிக்கு ஒரு தேதி வேண்டாமா?

வேண்டும் என்பதற்குக் கடல்கடந்த சான்றுகள் இருக்கின்றன. டிரினிடாடில் 1937 ஜூன் 19-ல் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் எழுந்தார்கள். தங்கள் தலைவர் உரியா பட்லரைக் கைதுசெய்ய வந்த போலீசோடு மோதினார்கள். 1973 முதல் அதுவே அந்நாட்டின் தொழிலாளர் தினம். பிரிட்டிஷ் மகாராணியின் நினைவாக மே 24-ல் எம்பயர் டே கொண்டாடிவந்த ஜமைக்கா, அதைத் தூக்கிவிட்டு 1938 தொழிலாளர் எழுச்சியின் நினைவாக மே 23-ஐ எடுத்துக்கொண்டது. இன்னும் நெருக்கமான சான்று ஒரு துறைமுகத்திலிருந்து வருகிறது. 1934 ஜூலை 5-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுக வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். அமெரிக்க மேற்குக் கரையின் துறைமுகத் தொழிலாளர் சங்கம் அந்த நாளை அரசிடம் கேட்கவில்லை. கப்பல் நிறுவனங்களுடன் போடும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டது. இன்றும் ஒவ்வொரு ஜூலை 5-லும் அந்தக் கரையின் துறைமுகங்களில் வேலை நிற்கிறது. அந்நாட்டின் வேறெந்த நாட்காட்டியிலும் இல்லாத விடுமுறை அது.

தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமானது. 2011-ல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டினார்கள். பெயரைக் கொடுத்தவர்கள் தேதியை மறந்துவிட்டார்கள். உள்ளூர் அளவில் ஒரு நாளை விடுமுறையாக்க முறையான வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்த உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று ஒரு வரி அந்த அறிவிப்பில் தவறாமல் இருக்கும். தொழிற்கூடங்களுக்கு இன்னொரு சட்டம்: 1958-ன் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மேலும் ஐந்து நாட்கள் தரவேண்டும். அந்த ஐந்தும் எவை என்பது நிர்வாகத்தோடும் தொழிலாளரோடும் கலந்து பேசி முடிவாகிறது. பிப்ரவரி 27-ஐ அந்த ஐந்தில் ஒன்றாக்க, தூத்துக்குடியின் ஆலைகளிலும் சரக்கு முனையங்களிலும் உள்ள சங்கங்கள் பேசிப் பார்க்கலாம். தலைநகரில் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை.

ஆனால் அதோடு நின்றால் அது வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் விடுமுறையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. அளத்து வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பெண்கள் கணிசம். ஜனவரி வாக்கில் பாத்தி கட்டத் தொடங்கி மழை வரும்வரை வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத மாதங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் 2022 முதல் கிடைக்கிறது. தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டும் வேலையில்லாக் காலத்துக்கான உதவி. வேலை இருக்கும் காலத்தில் ஒரு நாள் ஓய்வுக்கான கூலி வேறு. அதைத்தான் 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். உப்பளத்தில் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. வெயில் உச்சத்தில் ஒருநாள் பாத்தியில் இறங்காமல் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. கண் கூசும் வெள்ளையில் நின்று வாரிக் குவிப்பவருக்கு மே தினம் வாழ்த்துச் சுவரொட்டியாக மட்டும் வந்து போகிறது.

உப்பு உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் கூலி உயர்வுக்காகப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பேச்சு பெரும்பாலும் ஒருநாள் கூலியில் எத்தனை ரூபாய் கூட்டுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த முறை மே 1-க்கும் பிப்ரவரி 27-க்கும் முழுக் கூலியோடு விடுமுறை என்ற கோரிக்கையும் மேசைக்கு வரட்டும். இரண்டு தேதிகளும் சேர்ந்து வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் சொன்னால், மே மாதம் விளைச்சல் உச்சம் என்ற அவர்களுடைய வாதத்தையே ஏற்றுக்கொண்டு பிப்ரவரியை முதலில் வாங்கலாம். அந்த மாதத்தில் உப்பு இன்னும் முழு விளைச்சலுக்கு வந்திருக்காது.